பழைய லாரியின் ஆயில் கசிவு: அடைக்கும் முன் கண்டுபிடிப்பது

பத்துப் பதினைந்து வருடம் சரக்கு இழுத்த லாரியின் எஞ்சின் அடிப்பக்கம் காய்ந்து கிடப்பது அபூர்வம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரப் பட்டறைகளில் வண்டி நிற்கும் இடத்து மண்ணே கறுத்திருக்கும். கேபினில் ஒரு ஆயில் கேன் இருக்கும். காலையில் கேஜைப் பார்த்துக் கொஞ்சம் ஊற்றிவிட்டு வண்டியை எடுத்துவிடுவார்கள். பழைய வண்டி என்றால் கசியத்தான் செய்யும் என்று ஓனரும் ஓட்டுநரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கிளட்ச் வழுக்கும்போதோ எஃப்.சி. நாள் நெருங்கும்போதோதான் பேச்சு எழுகிறது. அப்போது எல்லாம் அவசரம். "பின்னாடி ஒழுகுது, கிராங்க் சீல் போச்சு" என்று முடிவாகிறது. கியர்பாக்ஸ் இறங்குகிறது, புது சீல் ஏறுகிறது. இரண்டு லோடு போய்வருவதற்குள் அதே இடத்தில் மறுபடி சொட்டுகிறது.

அந்த இரண்டாவது சொட்டு ஏன் வருகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. புது சீல் மட்டமானது என்று பழிபோடுவது எளிது. சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். பெரும்பாலும் காரணம் வேறு. சொட்டும் இடத்தைப் பார்த்தார்கள், கசியும் இடத்தைத் தேடவில்லை. கசியும் இடத்தைக் கண்டவர்களும் அது ஏன் கசியத் தொடங்கியது என்று கேட்கவில்லை. எது கசிகிறது, எங்கிருந்து கசிகிறது, எதனால் கசிகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைக்கும் முன் ஸ்பேனரை எடுப்பது பணத்தையும் நாளையும் வீணாக்குவது.

பேச்சு பொதுப்படையாகப் போய்விடாதபடி ஒரு எஞ்சினை முன்னால் வைத்துக்கொள்வோம். கம்மின்ஸ் நிறுவனத்தின் 'பி' வரிசையைச் சேர்ந்த ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர் டீசல் எஞ்சின் அது. போர் 102 மி.மீ., ஸ்ட்ரோக் 120 மி.மீ. 1980களின் நடுவில் வந்த இந்த எஞ்சின் 1989இல் அமெரிக்காவின் டாட்ஜ் பிக்கப் வண்டிகளில் ஏறியது. 1993இல் டாடாவும் கம்மின்ஸும் கூட்டாகத் தொடங்கிய டாடா கம்மின்ஸ் நிறுவனம் ஜாம்ஷெட்பூர் ஆலையில் இதே குடும்பத்து எஞ்சின்களைத் தயாரித்தது. டாடாவின் பத்துச் சக்கர லாரிகள் பலவற்றில் இந்தக் குடும்பத்து எஞ்சின் உண்டு. இங்கே சொல்வதில் பெரும்பகுதி லேலண்டுக்கும் டாடாவின் சொந்த எஞ்சின்களுக்கும் பொருந்தும். இடங்கள் மாறும், முறை மாறாது.

சொட்டின் கணக்கு

ஓடும்போது பத்து விநாடிக்கு ஒரு சொட்டு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிலிட்டருக்குத் தோராயமாக 30 சொட்டு. நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால் 3,600 சொட்டு, அதாவது 120 மி.லி. மாதத்தில் 25 நாள் ஓடும் வண்டிக்கு 3 லிட்டர். எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் சேம்பரில் பிடிப்பதே சுமார் 15 லிட்டர்தான் என்னும்போது ஐந்தில் ஒரு பங்கு ரோட்டில் போகிறது.

ஆயில் செலவைவிட, போன ஆயில் செய்யும் கெடுதல் பெரியது. கிளட்ச் பிளேட்டில் பட்டால் பிடிப்பு போகும். மலையேற்றத்தில் லோடோடு வழுக்கும். எஞ்சின் மவுண்டிங், ஹோஸ் போன்ற ரப்பர்கள் ஆயிலில் ஊறி உப்பி இளகும். முன்பக்கக் கசிவு ரேடியேட்டரின் தகட்டிடுக்குகளில் படிந்தால் அதன்மேல் தூசி அப்பிக்கொண்டு காற்று போகாது; எஞ்சின் சூடேறும், ஆனால் எல்லாரும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலோ டர்போவிலோ ஆயில் ஒழுகினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. ரோட்டில் விழும் ஆயிலின் விலையைத் தருபவர் பின்னால் இருசக்கர வண்டியில் வருபவர். முதல் மழைத்தூறலில் அந்தப் படலம் டயரை வழுக்கிவிடும். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் பழைய ஆயிலை அபாயகரக் கழிவாகவே வகைப்படுத்துகின்றன. தெரிந்தே மண்ணிலும் சாக்கடையிலும் ஒழுகவிடுவதைப் பழைய வண்டியின் சுபாவம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஏன் கசிகிறது

கசிவுக்கான காரணங்களை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது வெப்பமும் வயதும். பழைய கார்க் பேக்கிங் காய்ந்து சுருங்கும். நைட்ரைல் ரப்பர் சீல் 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் வருடக்கணக்காக வெந்து இறுகும். விரலால் அழுத்தினால் வளையாமல் வெடிக்கும். விட்டான் எனப்படும் ஃப்ளூரோ ரப்பர் 200 டிகிரி வரை தாங்கும், விலையும் அதிகம். கடையில் ஒரே அளவில் இரண்டு சீல் கிடைக்கும்போது விலை வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பொருள் வித்தியாசம்தான்.

இரண்டாவது தேய்மானம். கிராங்க் ஷாஃப்டின் மேல் சீலின் உதடு லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஒரே இடத்தில் உரசும். நடுவில் சிக்கும் தூசி உப்புத்தாள் போல் வேலை செய்து இரும்பிலேயே பள்ளம் விழும். நகத்தை ஓட்டினால் அந்தப் பள்ளத்தில் நகம் தட்டும். புது சீல் அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் கசிவு நிற்காது.

மூன்றாவது முறுக்கும் வளைவும். கசிகிறதே என்று ஒவ்வொரு சர்வீசிலும் சேம்பர் போல்டை இறுக்கிக்கொண்டே போனால் தகட்டின் துளையோரம் மேலே உப்பும். போல்டுக்கும் போல்டுக்கும் நடுவில் இடைவெளி பிறக்கும். கார்க் பேக்கிங் அழுத்தம் தாங்காமல் பிதுங்கிக் கிழியும். கசிவை நிறுத்தச் செய்த வேலையே கசிவுக்குக் காரணமாகும்.

நான்காவது உள்ளழுத்தம். அதிகம் கவனிக்கப்படாத காரணம் இதுதான் என்பதால் இதை விரிவாகப் பார்க்க வேண்டும். பிஸ்டன் ரிங் வழியாகக் கொஞ்சம் வாயு கீழே கிராங்க் கேஸுக்கு இறங்குவது எல்லா எஞ்சினிலும் உண்டு. பட்டறையில் இதை பேக் கம்ப்ரஷன் என்பார்கள். அது பிரீதர் குழாய் வழியாக வெளியேறிவிட்டால் பிரச்சினை இல்லை. பிரீதர் கசடாலோ சேறாலோ அடைபட்டிருந்தால், அல்லது ரிங் தேய்ந்து வாயு மிகுதியாக இறங்கினால், உள்ளே அழுத்தம் கூடும். கிராங்க் சீல்கள் எண்ணெயைத் தடுக்கச் செய்யப்பட்டவை. அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. அழுத்தம் ஏறியதும் ஆயில் தனக்கு எளிதான வழியைத் தேடும். ஒரே வேளையில் மூன்று நான்கு இடங்களில் கசிந்தால் சந்தேகம் முதலில் இங்கேதான் போக வேண்டும்.

உள்ளழுத்தம் ரிங்கால் மட்டும் வருவதில்லை. ஏர் பிரேக் வண்டியில் எஞ்சின் கியரால் சுழலும் ஏர் கம்ப்ரஸர் உண்டு. அதன் ரிங் தேய்ந்தால் அழுத்தக் காற்று எஞ்சினுக்குள் இறங்கும். ஏர் டாங்க்கின் டிரெயினைத் திறந்தால் ஆயில் கலந்த தண்ணீர் வருவது அதன் அடையாளம். டாங்க் நிறைந்து கம்ப்ரஸர் லோடு விட்டதும் பிரீதரில் புகை குறைகிறதா என்று பார்த்தால் சந்தேகம் உறுதியாகும். டர்போவின் சீல் தேய்ந்தாலும் அதன் காற்று ஆயில் இறங்கும் குழாய் வழியாகக் கிராங்க் கேஸுக்குள் வரும். இவற்றைப் பார்க்காமல் எஞ்சின் முழு ஓவர்ஹால் என்று தீர்ப்புச் சொல்வது ஓனருக்குச் செய்யும் அநீதி.

மேலிருந்து கீழ்வரை

எண்ணெய் கீழே இறங்கும், பின்னால் போகும். ரேடியேட்டர் ஃபேனின் காற்றும் வண்டி ஓடும் காற்றும் அதைப் பின்னுக்குத் தள்ளும். எஞ்சினும் பெரும்பாலும் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்தே உட்கார்ந்திருக்கும். அதனால் எந்தக் கசிவும் கடைசியில் ஃப்ளைவீல் ஹவுசிங்கின் அடியில் வந்து சொட்டும். மேலே, முன்னே ஈரமாக இருக்கும் முதல் இடம்தான் குற்றவாளி. கீழே நனைந்ததெல்லாம் அதன் விளைவு.

இந்த வரிசையில் கம்மின்ஸ் எஞ்சினைப் பார்ப்போம். உச்சியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி ராக்கர் கவர் இருக்கும், மொத்தம் ஆறு. ஒவ்வொன்றின் பேக்கிங்கும் தனியாக இறுகிக் கெடும். ஆயில் ஊற்றும் மூடியின் ரப்பர் வாஷரும் இதே உயரத்தில்தான் இருக்கிறது. மிக மலிவான இந்த வாஷரைப் பார்க்க மறந்து பெரிய வேலைக்குப் போனவர்கள் உண்டு.

டர்போ பக்கம் வந்தால், டர்போவுக்கு ஆயில் ஏறும் குழாயின் இணைப்பு, இறங்கும் குழாயின் பேக்கிங், ஆயில் கூலரின் கவர், ஃபில்டர் ஹெட் ஆகியவை வரிசையாக வரும். டர்போவிலிருந்து ஆயில் தன் எடையால்தான் இறங்க வேண்டும். இறங்கும் குழாய் நசுங்கினாலோ கரியால் அடைத்தாலோ ஆயில் டர்போ சீலைத் தாண்டி எக்ஸாஸ்டுக்குள் போகும். டர்போ கெட்டது என்று கழற்றும் முன் இந்தக் குழாயைப் பார்க்க வேண்டும். ஃபில்டரில் வழக்கமான தவறு, பழைய ரப்பர் வளையம் ஹெட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்க அதன்மேல் புதியதை வைத்து முறுக்குவது. கிளம்பும்போது கசியாது; அழுத்தம் ஏறியதும் பீய்ச்சியடிக்கும்.

பம்ப் பக்கம் இன்னும் சிக்கலானது. ஃபீட் பம்பின் அடி பேக்கிங், கியர் ஹவுசிங்கில் டீசல் பம்ப் உட்காரும் இணைப்பு, ஆயில் பிரஷர் ஸ்விட்ச் ஆகியவற்றோடு டீசல் பம்புக்குப் பின்னால் மறைந்திருக்கும் டேப்பெட் பக்கக் கவரும் சேர்கிறது. தலைப்பக்கக் கவரை அல்ல, பிளாக்கின் பக்கவாட்டில் புஷ் ராடு அறையை மூடும் நீளத் தகட்டைச் சொல்கிறேன். அதன் பேக்கிங் கெட்டால் ஆயில் பிளாக்கின் ஓரமாக வழிந்து பின்னால் ஓடி, ஃப்ளைவீல் ஹவுசிங்கில் இறங்கும். கிராங்க் சீல் போனதற்கும் இதற்கும் கீழிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. பம்ப் மறைப்பதால் கண்ணாடியும் டார்ச்சும் இல்லாமல் இதைக் காண முடியாது. இந்த வரிசை எஞ்சினில் தேவையே இல்லாமல் கியர்பாக்ஸ் இறங்கியதற்கு இந்தக் கவர் ஒரு பெரிய காரணம்.

முன்பக்கத்தில் டைமிங் கியர் கவரும் முன் கிராங்க் சீலும் உண்டு. இந்தக் கவரைத் திறக்கும் வேலை வந்தால் கூடவே ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். கியர் ஹவுசிங்கை இடம் பிடித்து உட்காரவைக்கும் ஒரு சிறிய எஃகு டவல் பின், அதிர்வில் மெல்ல வெளியே வந்து கியர்களுக்கு நடுவில் விழுந்து ஹவுசிங்கையே உடைத்த நிகழ்வுகள் 1989 முதல் 2002 வரையிலான டாட்ஜ் வண்டிகளில் பரவலாக அறியப்பட்டவை. பின் வெளிவராதபடி ஒரு சிறு தகட்டைப் போல்ட் போட்டு நிறுத்துவதுதான் அங்கே பழகிப்போன தீர்வு. அதே குடும்பத்து எஞ்சின் நம் கையில் இருக்கும்போது, ஆயில் கசிவுக்காகத் திறந்த கவரை அந்தப் பின்னைப் பார்க்காமல் மூடக் கூடாது.

அடியில் சேம்பரின் பேக்கிங், டிரெயின் பிளக்கின் வாஷர். பின்னால் கிராங்க் சீல், கேம் ஷாஃப்ட் துளையின் பின்முனையை அடைக்கும் தட்டு, சேம்பரின் பின் ஓரம். இவை மூன்றும் ஃப்ளைவீலுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால், அங்கே இறங்கியவர் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆயில்தானா என்று பார்ப்பது

கீழே விழுவது எஞ்சின் ஆயில்தானா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். வெள்ளை அட்டையை இரவில் அடியில் போட்டு வைத்துக் காலையில் பார்க்கலாம். டீசல் எஞ்சின் ஆயில் கருப்பாக, கரி கலந்து இருக்கும். கியர் ஆயில் கெட்டியாக, கந்தக வாடையோடு இருக்கும். டீசல் தண்ணியாகப் பரவி அட்டையில் அகன்ற வட்டமாக ஊறும். கூலன்ட் இனிப்பு வாடையோடு, பச்சையோ சிவப்போ நிறத்தில், தொட்டால் பிசுபிசுக்கும். பவர் ஸ்டியரிங் ஆயில் கரியில்லாமல் தெளிந்திருக்கும்.

இவை கலந்தும் ஏமாற்றும். மேலே எங்கோ டீசல் கசிந்தால் அது பழைய கறுப்பு அழுக்கைக் கரைத்துக்கொண்டு இறங்கும். கீழே பார்ப்பவருக்கு ஆயில் ஒழுகுவதாகவே தோன்றும். டீசல் எஞ்சினுக்குள்ளேயே இறங்கி ஆயிலோடு கலப்பதும் உண்டு. கேஜில் அளவு குறையாமல் ஏறுகிறது, ஆயில் தண்ணியாகிவிட்டது, டீசல் வாடை அடிக்கிறது என்றால் கசிவை மறந்துவிட்டு முதலில் அதைத்தான் கவனிக்க வேண்டும், பேரிங் போய்விடும். நீண்ட நேரம் ஐடிலில் நின்று பழகிய எஞ்சினில் எரியாத டீசலும் ஆயிலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் இணைப்புகளில் கறுப்பாக வழியும். பேக்கிங் எதை மாற்றினாலும் அது நிற்காது.

தேடும் முறைகள்

முறைகள் பல, எல்லாவற்றுக்கும் அடிப்படை கழுவுவது. அழுக்கின் மேல் கசிவைத் தேட முடியாது. வாட்டர் சர்வீஸில் எஞ்சினை டீசல் அடித்துக் கழுவுவது வழக்கம். கசிவு தேடும் வேலைக்கு அது போதாது. டீசல் படலம் தங்கி மறுபடி ஏமாற்றும். அழுக்கு நீக்கும் திரவம் அடித்து, தண்ணீரில் கழுவி, காற்றடித்து உலர்த்தி, பனியன் வேஸ்டால் துடைக்க வேண்டும். ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர் வாய், மின் இணைப்புகள் ஆகியவற்றை மூடிவைத்துவிட்டுத் தண்ணீர் அடிக்க வேண்டும்.

கழுவியபின் ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டுப் பார்ப்பதில் பாதிக் கசிவுகள் தெரியாது. சூடேற வேண்டும், லோடு வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்தி, உச்சியிலிருந்து கீழாக டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் மறுபடி ஓட்ட வேண்டும். மெல்லிய கசிவுக்கு டால்கம் பவுடர் தூவுவது பழைய வழி. உலர்ந்த எஞ்சினில் சந்தேகமான இடத்தில் தூவினால் ஆயில் வந்த கோடு வெள்ளையின் நடுவே கறுப்பாகத் தெரியும். செலவில்லாத இந்த வழி எட்டும் இடங்களுக்கு மட்டும் உதவும்.

மறைந்த இடங்களுக்கு ஒளிரும் சாயம் சிறந்தது. ஆயிலில் கலக்கும் இந்தச் சாயம், புற ஊதா டார்ச் அடித்தால் மஞ்சள் கலந்த பச்சையில் மின்னும். டீசல் ஆயிலின் கருமை அதை மங்கச் செய்யும். புது ஆயில் மாற்றிய கையோடு கலந்தால் நன்றாகத் தெரியும். பம்புக்குப் பின்னால் இருக்கும் பக்கக் கவரை உறுதிப்படுத்த இதற்கு இணையான வழி இல்லை.

மூன்றாவது காற்றழுத்த முறை. எஞ்சினை நிறுத்தி, பிரீதரை மூடி, கேஜ் குழாய் வழியாக ரெகுலேட்டர் வைத்து 3 பி.எஸ்.ஐ. அளவில் காற்று கொடுத்து, சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசியும் இடத்தில் நுரை கட்டும். 5 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது. ரெகுலேட்டர் இல்லாமல் டயருக்குக் காற்றடிக்கும் குழாயை நேராகச் சொருகினால் நல்ல சீல்களும் பிதுங்கிவிடும்.

இந்த மூன்றும் கசியும் இடத்தைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. காரணத்துக்குப் பிரீதரைப் பார்க்க வேண்டும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக வாயில் வைத்தால் லேசாக ஆடுவது சகஜம். தூக்கியெறிந்தால் உள்ளழுத்தம் மிகுதி. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் வளைத்த கண்ணாடி டியூபில் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைக் கிராங்க் கேஸோடு இணைத்து நீர்மட்ட வித்தியாசத்தை அளக்கலாம். 1 பி.எஸ்.ஐ. என்பது சுமார் 27.7 அங்குல நீர்மட்டம். ஆகவே மிகச் சிறிய அழுத்தமும் கண்ணுக்குத் தெரியும். பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி அளந்தால் குற்றம் பிரீதரிடமா ரிங்கிடமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பின்பக்க சீல்

கியர்பாக்ஸ் இறக்குவது பெரிய வேலை. அந்த முடிவுக்கு வரும் முன் மேலே சொன்ன எல்லாவற்றையும் விலக்கியிருக்க வேண்டும். அதன்பின் ஃப்ளைவீல் ஹவுசிங்கின் அடிமூடியைக் கழற்றிப் பார்க்கலாம். ஃப்ளைவீலின் எஞ்சின் பக்கம் நனைந்திருந்தால் கிராங்க் சீலோ கேம் தட்டோ. கிளட்ச் பக்கம் நனைந்து, வாடை கந்தகமாக இருந்தால் கியர்பாக்ஸின் முன் சீல். இரண்டுக்கும் கியர்பாக்ஸ் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் எதை வாங்கி வைக்க வேண்டும் என்பது மாறும்.

இந்த எஞ்சினின் பின் சீல் டெஃப்லான் உதடு கொண்டது. பழைய ரப்பர் சீலுக்கு உதட்டில் ஆயில் தடவிப் போடுவது பழக்கம். டெஃப்லான் சீலுக்கு அதைச் செய்யக் கூடாது. ஷாஃப்டும் உதடும் சுத்தமாக, எண்ணெய்ப் பசையில்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். முதல் சுழற்சிகளில் டெஃப்லான் மெல்லிய படலமாக ஷாஃப்டில் படிந்துதான் அடைப்பை உண்டாக்குகிறது. நடுவில் ஆயில் இருந்தால் அந்தப் படலம் படியாது. நல்ல கைப்பழக்கம் உள்ள மூத்த மெக்கானிக்குகளுக்கும் இரண்டாவது சொட்டு வருவது இதனால்தான். சீலோடு வரும் பிளாஸ்டிக் வழிகாட்டியை வைத்தே ஏற்ற வேண்டும். அதைத் தூக்கியெறிந்துவிட்டுச் சுத்தியலால் தட்டினால் உதடு மடங்கும்.

ஷாஃப்டில் பள்ளம் இருந்தால் மெல்லிய எஃகு ஸ்லீவ் போடலாம். சுமார் கால் மி.மீ. தடிமனுள்ள இந்த உறையைச் சீலின் அளவை மாற்றாமலே ஏற்ற முடியும். ஸ்லீவ் கிடைக்காவிட்டால் சீலை ஓரிரு மி.மீ. உள்ளே தள்ளியோ வெளியே நிறுத்தியோ பள்ளமில்லாத இடத்தில் உட்கார வைப்பதும் உண்டு. ஹவுசிங்கில் இடம் இருந்தால் அதுவும் சரியான வேலையே.

அடைக்கும் வேலை

பேக்கிங் மாற்றும் வேலையில் வெற்றி தோல்வி புதிய பேக்கிங்கால் தீர்மானமாவதைவிட, அது உட்காரும் முகத்தால் தீர்மானமாகிறது. பழைய பேக்கிங்கை பிளேடால் சுரண்டி, தின்னரால் துடைத்து, எண்ணெய்ப் பசை போக்க வேண்டும். மின் கிரைண்டரில் உப்புத்தாள் வட்டை மாட்டித் தேய்ப்பது விரைவாக முடியும். அதிலிருந்து உதிரும் துகள் எஞ்சினுக்குள் விழுந்தால் பேரிங்கை அரித்துவிடும். பழைய எஞ்சின்களின் பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். காய்ந்த நிலையில் சுரண்டித் தூசியை ஊதுவது நுரையீரலுக்குக் கேடு. ஈரப்படுத்திச் சுரண்ட வேண்டும்.

தகட்டுச் சேம்பரைக் கழற்றினால் துளையோரங்களைத் தட்டையான இரும்பின் மேல் வைத்துத் தட்டிச் சமன் செய்யாமல் ஏற்றக் கூடாது. இந்த எஞ்சினில் ராக்கர் கவர், முன் கவர், சேம்பர் போல்டுகளுக்குச் சுமார் 24 நியூட்டன் மீட்டர் முறுக்குதான் அளவு. நீளக் கைப்பிடி போட்டு உடம்பு பலத்தில் இழுப்பவர் இதைப் பல மடங்கு தாண்டிவிடுவார். டார்க் ரென்ச் பட்டறையில் பூட்டிவைக்க வேண்டிய கருவி அல்ல. சிறிய போல்டுகளுக்குத்தான் அது அதிகம் தேவை.

நம் பட்டறைகளில் அனபாண்ட் என்ற பெயராலேயே அறியப்படும் சிலிகான் பேஸ்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அளவோடு போட்டால் அது அருமையான பொருள். இரண்டு மூன்று மி.மீ. தடிமனில் ஒரே கோடாக, போல்ட் துளைகளைச் சுற்றி உள்பக்கமாக இழுத்து, மேல்தோல் கட்டும் முன் மூட வேண்டும். முழுதாக இறுக ஒரு நாள் ஆகும். அள்ளி அப்பினால் உள்பக்கம் பிதுங்கியது இறுகி, உடைந்து, ஆயில் பம்பின் ஜாலியில் போய் அடைக்கும். வெளியே கசிவு நின்றிருக்கும். உள்ளே ஆயில் இல்லாமல் பேரிங் எரியும். ரப்பர் பேக்கிங் போடும் இடத்தில் இதையும் சேர்த்துப் பூசுவது அடைப்பைக் கூட்டாது. ரப்பரை வழுக்கிப் பிதுங்கவைக்கும். டிரெயின் பிளக்கின் செம்பு வாஷரை மறுபடி போட வேண்டியிருந்தால் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்கிப் போட வேண்டும். இறுகிய வாஷர் முகத்தோடு ஒட்டாது.

குறுக்கு வழிகள்

ஆயிலில் ஊற்றும் கசிவு நிறுத்தித் திரவங்கள் உண்டு. அவை ரப்பரை உப்பவைத்து இளக்குகின்றன. இறுகிப்போன, ஆனால் கிழியாத சீலுக்குக் கொஞ்ச காலம் பலன் தரும். கிழிந்த சீலுக்கும், பள்ளம் விழுந்த ஷாஃப்டுக்கும், வளைந்த தகட்டுக்கும் ஒன்றும் செய்யாது. மிகுதியாக ஊற்றினால் நன்றாக இருக்கும் ரப்பரும் இளகிப்போகும். 15டபிள்யூ40 கேட்கும் எஞ்சினுக்கு இன்னும் கெட்டியான ஆயிலை ஊற்றினால் சூட்டில் கசிவு சற்றுக் குறையும். ஆனால் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது மேல்பாகங்களுக்கு ஆயில் ஏறத் தாமதமாகும். வெளியே எம்-சீல் போன்ற பசையை அப்புவது, நடுவழியில் ஒரு லோடை முடித்து ஊர் வந்துசேர உதவலாம். அதையே வேலை முடிந்ததாகக் கணக்கில் எழுதினால் அடுத்துப் பார்க்கும் மெக்கானிக்குக்குக் கசியும் இடமே மறைந்துவிடும்.

எது உடனே, எது பிறகு

எல்லாக் கசிவையும் உடனே நிறுத்தத் தேவையில்லை. அமெரிக்க ராணுவத்தின் வாகனப் பராமரிப்பு நூல்கள் கசிவை மூன்று வகுப்பாகப் பிரிக்கின்றன. ஈரம் தெரிகிறது, சொட்டு சேரவில்லை என்பது முதல் வகுப்பு. சொட்டு சேர்கிறது, விழவில்லை என்பது இரண்டாவது. சொட்டு விழுகிறது என்பது மூன்றாவது. முதல் இரண்டில் ஆயில் அளவைக் கவனித்துக்கொண்டு ஓட்டலாம். மூன்றாவதைச் சொல்லிச் சரிசெய்ய வேண்டும். தெளிவான இந்தப் பிரிவை நம் ஓனர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கூடவே ஒரு விதிவிலக்கு: எக்ஸாஸ்ட், கிளட்ச், பெல்ட், பிரேக், ரேடியேட்டர் ஆகியவற்றில் படும் கசிவு எந்த வகுப்பானாலும் உடனே பார்க்க வேண்டியது.

மற்றவற்றைச் சேர்த்துச் செய்யலாம். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு, எப்படியும் சில நாள் நிற்கும். கிளட்ச் பிளேட் மாற்றக் கியர்பாக்ஸ் இறங்கும் அன்றுதான் பின் சீலையும் கேம் தட்டையும் பார்க்க வேண்டிய நாள். மலிவானதும் கைக்கு எட்டியதும் முதலில், கனமானதும் ஆழமானதும் கடைசியில் என்ற வரிசையைப் பிடித்தால் பாதிக் கசிவுகள் கியர்பாக்ஸைத் தொடாமலே நின்றுவிடும். பிரீதரைச் சுத்தம் செய்வது எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும். அதற்குச் செலவு ஒரு துணியும் கொஞ்சம் டீசலும்தான்.

பார்ப்பதற்கும் கூலி

இவ்வளவு தெரிந்தும் அவசரத் தீர்ப்புகள் ஏன் தொடர்கின்றன? மெக்கானிக்குக்கு அறிவு குறைவு என்பது பதிலல்ல. நம் பட்டறை வழக்கத்தில் கழற்றி மாட்டுவதற்குக் கூலி உண்டு, பார்ட்ஸுக்கு விலை உண்டு. பார்ப்பதற்குக் கூலி இல்லை. கழுவி, உலர்த்தி, ஓட்டி, டார்ச் அடித்து, மறுபடி ஓட்டி, அரை நாள் செலவழித்து "மூடி வாஷர்தான், கிராங்க் சீல் நல்லா இருக்கு" என்று உண்மையைச் சொல்பவருக்கு வாஷரின் விலை கிடைக்கும். பார்க்காமலே கியர்பாக்ஸை இறக்குபவருக்கு முழுக் கூலி கிடைக்கும். இப்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டு நேர்மையான தேடலை எதிர்பார்ப்பது நியாயமில்லை. மருத்துவர் நோய் இல்லை என்று சொன்னாலும் பார்த்ததற்குக் கட்டணம் தருகிறோம். அந்த மரியாதை எஞ்சினைப் பார்ப்பவருக்கும் உரியது.

ஓனர்கள் கசிவு தேடலைத் தனி வேலையாக எழுதிக் கூலி பேச வேண்டும். பட்டறைகள் கசிந்த இடம், காரணம், செய்த வேலை, போட்ட சீலின் பொருள் ஆகிய நான்கையும் வண்டியின் நோட்டில் எழுதித் தர வேண்டும். அடுத்த முறை சொட்டு விழும்போது தேடலை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. பழைய லாரியைக் காயவைத்து ஓட்டுவது முடியாத காரியமல்ல. தேடுவதை வேலையாக மதித்து, அதற்குரிய நேரத்தையும் கூலியையும் கொடுத்தால் போதும்.